நிம்ஹான்ஸ் கேஸும் டீ கொடுத்தவர்களும்

சென்னைக்காரர்களுக்கு கீழ்ப்பாக்கம் எப்படியோ, பெங்களூர்க்காரர்களுக்கு நிம்ஹான்ஸ் அப்படி. ஒருவன் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை என்றால் போதும், "என்னப்பா, நிம்ஹான்ஸ்ல பெட் போடச் சொல்லட்டுமா?" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். நிஜமாகவே ஒருவருக்கு மனசு உடைந்துபோனால் அதே கூட்டம் கப்சிப். ஆபீசில், அபார்ட்மென்ட் சங்கத்தில், தமிழ்ச் சங்கத்தில், ஊர்க்காரர்கள் கூடும் சீட்டுக் குழுவில் எங்கே பார்த்தாலும் இதே கதைதான். நம்மில் ஒருவர் தடுமாறும்போது கூட்டமாக இருக்கும் நாம் என்ன செய்ய வேண்டும்? இந்தக் கேள்விக்குப் பழைய பதில்களும் உண்டு, புதிய பதில்களும் உண்டு. அவற்றில் சில நம்ம பெங்களூரிலேயே சோதித்துப் பார்க்கப்பட்டவை.

முதல் பதில், மதில் சுவர். சென்னையில் 1794-லேயே கனோலி என்ற மருத்துவர் ஒரு காப்பகம் தொடங்கினார். அது 1871-ல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. பெங்களூரில் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் மைசூர் சமஸ்தானத்தின் காப்பகம் வந்தது. 1925-ல் அது 'மனநல மருத்துவமனை' என்று பெயர் மாறி, 1930-களில் ஓசூர் ரோட்டில் இப்போதைய வளாகத்துக்குக் குடியேறியது. 1954-ல் பக்கத்திலேயே அகில இந்திய மனநல நிறுவனம் தொடங்கினார்கள். 1974 டிசம்பர் 27 அன்று இரண்டையும் சேர்த்ததுதான் நிம்ஹான்ஸ்.

அந்தக் காலத்துச் சட்டம் 1912-ஆம் வருடத்து லூனசி ஆக்ட். மாஜிஸ்திரேட் உத்தரவு, போலீஸ், அட்மிஷன். பேங்க்காரன் கண்ணுக்கு இது ஃபைல் டிரான்ஸ்ஃபர் மாதிரிதான் தெரிகிறது. ஃபைல் என் மேஜையை விட்டுப் போய்விட்டது, இனி என் பொறுப்பு இல்லை. இந்தச் சட்டம் 1993 வரை நடைமுறையில் இருந்தது என்பதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் அதிர்ச்சிதான். (1987-லேயே புதுச் சட்டம் நிறைவேறிவிட்டது. அமலுக்கு வர ஆறு வருடம்!)

சுவருக்குள் முதல் ஓட்டை போட்டவர்களில் ஒருவர் டாக்டர் வித்யா சாகர். 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் இருந்தவர். ஆஸ்பத்திரியில் நெரிசல் தாங்கவில்லை. ராணுவக் கூடாரங்களை வாங்கி வளாகத்திலேயே அடித்தார். நோயாளியோடு அம்மாவோ, அண்ணனோ, மனைவியோ கூடவே தங்கவேண்டும் என்றார். இடப் பிரச்சினைக்காகச் செய்த காரியம், வைத்தியமாகவே மாறிவிட்டது. சொந்தக்காரர் கூட இருந்ததால் நோயாளிக்குப் பயம் குறைந்தது. எப்படிப் பேசுவது, எதற்குப் பதறக்கூடாது என்று வீட்டுக்காரர்களும் அங்கேயே கற்றுக்கொண்டார்கள். வேலூர் சி.எம்.சி.யும் அதே காலத்தில் குடும்பத்தோடு தங்கும் முறையைக் கொண்டுவந்தது. நம்மூரில் ஆஸ்பத்திரி என்றாலே தூக்குவாளியோடு ஒருவர் கூட இருப்பார் அல்லவா, அந்த வழக்கத்துக்குக் கிடைத்த மரியாதை என்று இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்து நிம்ஹான்ஸே சுவரைத் தாண்டி வெளியே வந்தது. 1975-ல் சமுதாய மனநலப் பிரிவு தொடங்கி, பெங்களூருக்கு வெளியே சகலவாரா கிராமத்தில் ஒரு மையம் வைத்தார்கள். ஆரம்ப சுகாதார நிலைய ஊழியர்களுக்கு அடிப்படையைச் சொல்லிக்கொடுத்தால் அவர்களால் அடையாளம் காண முடியுமா, மருந்து விடாமல் பார்த்துக்கொள்ள முடியுமா என்று சோதித்தார்கள். முடிந்தது. 1980-களில் பெல்லாரி மாவட்டம் முழுவதும் செய்து பார்த்தார்கள். அந்த மாதிரியை வைத்து 1996-ல் மத்திய அரசு நாட்டில் நான்கு மாவட்டங்களில் மாவட்ட மனநலத் திட்டத்தைத் தொடங்கியது. அதில் ஒன்று நம்ம திருச்சி.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோதுதான் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6, விடிகாலை. ராமநாதபுரம் மாவட்டத்தில், தர்காவைச் சுற்றியிருந்த தனியார் காப்பகங்களில் ஒன்றில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் செத்துப்போனார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. காப்பகக்காரர்களைத் திட்டுவது சுலபம், திட்டவும் வேண்டும். ஆனால் அந்த 28 பேரையும் யாரோ ஒருவர் பஸ் ஏற்றி அழைத்து வந்திருக்கிறார்கள். பணத்தைக் கட்டிவிட்டு ஊருக்குத் திரும்பியிருக்கிறார்கள். ஊர் என்ன சொல்லுமோ, தங்கைக்குக் கல்யாணம் நடக்குமோ என்று பயந்தவர்கள் அவர்கள். அந்த "ஊர்" என்பதில் நீங்களும் நானும் உண்டு.

நிற்க. கொஞ்சம் லண்டன் வரை போய்விட்டு வருவோம்.

சாட் வாரா என்று ஒரு பாதிரியார். 1935-ல் அவர் நடத்திய முதல் அடக்கச் சடங்கு ஒரு சிறுமிக்கு. அந்தப் பெண்ணுக்கு மாதவிடாய் வந்திருக்கிறது. ஏதோ கெட்ட வியாதி என்று பயந்து, கேட்க ஆளில்லாமல் உயிரை விட்டுவிட்டாள். பாதிரியாருக்கு அது மறக்கவே இல்லை. 1953 நவம்பரில் தன் சர்ச்சில் ஒரு போனை வைத்துக்கொண்டு, தற்கொலை எண்ணம் உள்ளவர்கள் கூப்பிடலாம், நேரில் வரலாம் என்று அறிவித்தார். கூட்டம் வந்தது. காத்திருப்பவர்களுக்கு டீ போட்டுக் கொடுக்க, பேச்சுத்துணைக்கு இருக்க, சாதாரண ஜனங்கள் சிலர் உதவிக்கு வந்தார்கள். கொஞ்ச நாளில் வாரா ஒரு விஷயத்தைக் கவனித்தார். டீ கொடுத்தவரோடு பேசிவிட்டு பலர் தன்னைப் பார்க்காமலேயே நிம்மதியாகத் திரும்பிப் போகிறார்கள்! 1954 பிப்ரவரியில் போனை அந்தத் தொண்டர்களிடமே ஒப்படைத்துவிட்டார். 'சமாரிட்டன்ஸ்' அமைப்பு அப்படிப் பிறந்ததுதான். தன்னைவிட டீக்காரர் நன்றாகச் செய்கிறார் என்று ஒத்துக்கொண்ட அந்த மனுஷனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். எந்த மேனேஜரும் லேசில் செய்யமாட்டார் :-)

அந்த வழியில் இலங்கையில் 1974-ல் 'சுமித்ரயோ' வந்தது. சென்னையில் 1986-ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 'சினேகா'வைத் தொடங்கினார். இங்கே பெங்களூரில் 1964-லிருந்து இருக்கும் மெடிகோ பாஸ்டரல் அசோசியேஷன், ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தவர்கள் வீட்டுக்குப் போகும் முன் தங்குவதற்கான இல்லத்தை 1970-களிலேயே நடத்தியது. 2002-ல் நிம்ஹான்ஸ், ரோட்டரி இவர்களோடு சேர்ந்து 'சஹாய்' என்ற தொலைபேசி உதவியையும் தொடங்கியது.

சினேகா தொடர்பான ஆராய்ச்சிகளில் இரண்டு எனக்கு முக்கியமாகப் படுகின்றன. சுனாமிக்குப் பிறகு சென்னை சீனிவாசபுரத்தில் உறவுகளைப் பறிகொடுத்தவர்களிடம், பயிற்சி பெற்ற தொண்டர்கள் திரும்பத் திரும்பப் போய் உட்கார்ந்தார்கள். தொண்டர்கள் போகாத இன்னொரு குப்பத்தோடு ஒப்பிட்டபோது இவர்களுடைய மனச்சோர்வு நன்றாகக் குறைந்திருந்தது. இரண்டாவது, கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கத்து கிராமங்களில். பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல், பொதுவான ஓர் அறையில் ஆளுக்கொரு பூட்டுப் பெட்டி. எங்கள் பேங்க் லாக்கர் மாதிரியேதான்! தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கிராமங்களில் தற்கொலை முயற்சிகள் குறைந்தன. 2013-ல் வெளிவந்த சின்ன ஆய்வுதான், ஆனாலும் கணக்கு புரிகிறது. சாகவேண்டும் என்ற வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்துக்குத்தான் உச்சத்தில் இருக்கிறது. அந்த நேரத்தைத் தாண்ட வைத்தால் பலர் பிழைத்துவிடுகிறார்கள். இலங்கையில் 1990-களின் நடுவிலிருந்து கொடிய பூச்சிமருந்துகளைத் தடை செய்தபிறகு தற்கொலை விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது இதே கணக்கில்தான்.

நம் சட்டம் மட்டும் வெகுநாள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. தப்பிப் பிழைத்தவர் மீது 309-ஆம் பிரிவில் கேஸ்! போலீசுக்குப் பயந்தே குடும்பங்கள் மூடி மறைத்தன. 2017-ல் நிறைவேறி 2018 மே மாதம் அமலுக்கு வந்த மனநலச் சட்டம், அப்படிப்பட்டவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதவேண்டும், தண்டிக்கக்கூடாது என்றது. 2024 ஜூலையில் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் 309 மாதிரியான பொதுவான பிரிவே இல்லை.

சரி, நம் கூட்டங்களுக்கு வருவோம். நான் பார்த்தவரை இரண்டே வகைதான். ஒன்று, எல்லோரும் ஒதுங்கிவிடுவார்கள், "டாக்டர் பார்த்துக்குவார்" என்று. இது 1912 சட்டம். இல்லையென்றால் நாற்பது பேர் ஒரே நாளில் விழுந்தடித்து அட்வைஸ். யோகா பண்ணு, குணசீலம் போய் வா, என் மச்சான் இதைவிடக் கஷ்டப்பட்டான்... பாவம், அந்த மனுஷன் அட்வைஸுக்குப் பயந்தே கதவைச் சாத்திக்கொள்வார். வாராவின் டீக்காரர்கள் யாருக்கும் புத்தி சொல்லவில்லை. ஒருவர் போதும், அவருக்குப் பழக்கமானவர். "செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. கேட்டபிறகு தனியே விடாமல் கூட இருப்பது, அபாயமான பொருள்களை அப்புறப்படுத்துவது, டாக்டரிடம் கூட்டிப்போவது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் மட்டும் செய்து கொடுக்காதீர்கள். உயிர் விஷயத்தில் ஒருவராவது இன்னொருவரிடம் சொல்லித்தான் ஆகவேண்டும். ஆனால் அது நாற்பது பேராகக்கூடாது.

அதைவிடக் கஷ்டமான கட்டம், அவர் லீவு முடிந்து திரும்பி வரும் நாள். அவருடைய சீட்டை வேறு ஒருவருக்குக் கொடுத்து, அவரை ரெக்கார்ட் ரூம் பக்கம் "ஈஸியான வேலை"க்கு அனுப்பிவைக்கும் கருணையைப் பார்த்திருக்கிறேன். கேஷ் கவுன்டரில் இருபது வருடம் உட்கார்ந்தவருக்கு அது மதில் சுவர்தான்.

2022 அக்டோபர் 10-லிருந்து 'டெலி மானஸ்' இருக்கிறது. எண் 14416. கட்டணம் இல்லை, இருபத்துநாலு மணி நேரமும் உண்டு. நாடு முழுக்க இதற்குத் தலைமை மையம் ஓசூர் ரோட்டு நிம்ஹான்ஸ்தான். இருபது மொழிகளில் பேசலாம். பெங்களூரிலிருந்து கூப்பிட்டால் கன்னடத்தில்தான் பேசவேண்டும் என்றில்லை, தமிழைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். கஷ்டத்தில் இருப்பவர்தான் கூப்பிடவேண்டும் என்பதும் இல்லை. பக்கத்து சீட்டுக்காரரை நினைத்துக் கவலைப்படுகிறவரும் கூப்பிட்டு, என்ன செய்யலாம் என்று கேட்கலாம்.