சட்டைப்பையில் போன சூப்

இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில் வாழ்ந்த ஆன் பிளெங்கோ 1694-இல் எழுதி வைத்த சமையல் ஏட்டில் ‘வீல் க்ளூ’ என்றொரு குறிப்பு இருக்கிறது. வீல் என்றால் கன்றிறைச்சி. க்ளூ என்றால் பசை. கன்றிறைச்சியை வேகவைத்து, சாற்றை வற்றவிட்டு, கட்டியாக உலர்த்தி வைப்பார்கள். வேண்டும்போது ஒரு துண்டு எடுத்து வெந்நீரில் கரைத்தால் மறுபடி சூப். இன்று நாம் காணும் சூப் கட்டி கடைகளுக்கு வர இன்னும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. தின்னும் பண்டத்துக்குப் பசை என்று பெயர் வைக்க அந்தக் காலத்து வீட்டுப் பெண்கள் தயங்கவில்லை. உண்மையில் அது பசையேதான்.

நன்றாக வெந்த ஆட்டுக்கால் சூப்பை இரவு முழுக்கக் குளிரவிட்டால் காலையில் கட்டிதட்டி நிற்கும். தோலிலும் தசைநாரிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதம், நெடுநேரக் கொதிப்பில் ஜெலட்டினாகக் கரைவதால் வரும் உறைவு அது. கொலாஜன் என்ற பெயரே பசையைக் குறிக்கும் ‘கொல்லா’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஜெலட்டினுக்கு மூலம் உறைதலைக் குறிக்கும் லத்தீன் வினை. தச்சர்கள் பலகை ஒட்டிய வச்சிரமும் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த ஜெலட்டின்தான்.

கன்றுப் பசையைப் பக்குவமாகச் செய்யும் முறையை அச்சில் விரிவாகத் தந்தவர்களில் ஹானா கிளாஸ் முக்கியமானவர். 1747-இல் வெளிவந்து பல பதிப்புகள் கண்ட ‘தி ஆர்ட் ஆஃப் குக்கரி’ என்ற அவருடைய நூலில் பெயர் மாறிவிடுகிறது: ‘பாக்கெட் சூப்’. கன்றின் தொடையிலிருந்து தோலையும் கொழுப்பையும் நீக்கிவிட்டு, சதையை மட்டும் மூன்று நான்கு கேலன் தண்ணீரில் போட்டு, பாத்திரத்தை மூடி, மெதுவாக வேகவைக்க வேண்டும். சதை சக்கையாகி, சாறு கரண்டியில் எடுத்தால் உறையும் பதம் வந்ததும் வடிகட்டி ஆறவிடுவார்கள். மேலே படியும் கொழுப்பை ஒட்ட வழித்து எறிவார்கள். அது தங்கினால் நாளடைவில் காறல் வாடை வந்துவிடும். அடியில் தங்கும் மண்டியையும் தொடுவதில்லை.

நடுவில் கிடைக்கும் தெளிந்த உறைவைப் பீங்கான் கோப்பைகளில் நிரப்பி, கொதிநீர் உள்ள அகன்ற பாத்திரத்துக்குள் வைப்பார்கள். தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கோப்பைக்குள் தெறிக்கக் கூடாது. தச்சர் வச்சிரத்தை உருக்குவதும் இப்படி வெந்நீருக்குள் வைத்துத்தான்: நேரடித் தீயில் பசை கருகிவிடும். கோப்பையில் இருப்பது கெட்டிப் பசையானதும் ஆறவிட்டு, புதிய முரட்டுக் கம்பளித் துணியில் கவிழ்ப்பார்கள். துணி ஈரத்தை உறிஞ்சும். ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்கொருமுறை புதுத் துணிக்கு மாற்ற வேண்டும். முழுதும் காய்ந்தால் கல்போல இறுகும். சிறிய வால்நட் அளவு துண்டு ஒன்று, ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீருக்குப் போதும். உப்பு சேர்ப்பது கட்டியைக் கரைக்கும்போதுதான்.

பயணிகளின் பாக்கெட்டில் இருந்தது கப்பலேறியபோது ‘போர்ட்டபிள் சூப்’ என்ற பெயர் ஊன்றியது. ரயில் நிலைய போர்ட்டரின் பெயரைத் தந்த அதே லத்தீன் வேர், சுமப்பதைக் குறிப்பது. 1756 முதல் பிரிட்டிஷ் கடற்படை இதைப் பெருமளவில் வாங்கியது. ஸ்கர்வி நோயைத் தடுக்கும் என்று நம்பினார்கள். எண்டெவர் கப்பலில் கேப்டன் குக் ஆயிரம் பவுண்டு ஏற்றிச் சென்றார். வாரத்தில் மூன்று நாள், ஆளுக்கு ஓர் அவுன்ஸ் வீதம் பட்டாணியோடு வெந்தது. கரையிறங்கிய இடங்களில் காட்டுக்கீரைகளோடும் கோதுமையோடும் வேகவைத்துக் காலை உணவாகக் கொடுத்தார்கள். ஸ்கர்விக்குத் தேவையான வைட்டமின் சி கீரையில் இருந்தது. கட்டியில் துளியும் இல்லை. கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் அக்காலக் கட்டி ஒன்று இன்னும் இருக்கிறது. பார்வைக்கு வெளிறிய பசைப் பலகை.

அமெரிக்காவில் ஆய்வுப் பயணி மெரிவெதர் லூயிஸ் 1803-இல் தன் மேற்குப் பயணத்துக்காக பிலடெல்பியா சமையற்காரர் ஒருவரிடம் 193 பவுண்டு வாங்கினார்; விலை 289 டாலர் 50 சென்ட். 1805 செப்டம்பரில் பிட்டர்ரூட் மலைத்தொடரில் வேட்டை கிடைக்காதபோது அவருடைய குழு அதைக் கரைத்துக் குடித்தது. பசி அடங்கவில்லை. குதிரைக்குட்டி ஒன்றையும் அறுத்தார்கள்.

இந்தப் பசையின் குறை ஆய்வுக்கூடத்தில் துலங்கியது. ஏழைகளுக்கு எலும்பு ஜெலட்டின் சூப் ஊற்றலாமா என்று பாரிஸ் அறிவியல் கழகம் ஆராயச் சொன்னது. உடலியலாளர் மஜாந்தி தலைமையிலான குழு 1841-இல் அறிக்கை தந்தது: ஜெலட்டினை மட்டும் தின்று உயிர் தரிக்க முடியாது. உடலுக்கு இன்றியமையாத டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் ஜெலட்டினில் இல்லை என்பது பின்னாளில் தெரிந்தது.

இங்கேதான் பெயரோடு பண்டமும் மாறுகிறது. ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் 1847-இல் விவரித்த ‘எக்ஸ்ட்ராக்ட்’டில் கொழுப்போடு ஜெலட்டினும் விலக்கப்பட்டது. மிஞ்சியது இறைச்சியின் மணமும் சுவையும் செறிந்த கருங்களி. ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ முப்பது கிலோ இறைச்சி தேவைப்பட்டது. அதனால் அவர் பெயர் தாங்கிய நிறுவனம் 1865-இல், மாட்டிறைச்சி மலிந்த உருகுவேயின் ஃப்ரே பென்டோஸில் உற்பத்தியைப் பெருக்கியது. அதே நிறுவனம் 1910-இல் ஆக்ஸோ கட்டியைக் கொண்டுவந்தது. மாகி கட்டி அதற்கு இரண்டாண்டு முந்தியது. கன்றுப் பசைக்கு இவற்றை வாரிசு என்று சொல்வது வழக்கம். வடிவத்தில் வாரிசுதான். உள்ளே பசை இல்லை. இன்றைய கட்டிகள் பலவற்றில் முதலிடம் உப்புக்கே.

பழைய பண்டம் வேண்டுமென்றால் வீட்டில்தான் செய்தாக வேண்டும். இன்று செய்து பார்ப்பவர்களுக்கு இடர் கொதிப்பில் இல்லை, உலர்த்துவதில் இருக்கிறது. ஈரப்பதம் மிகுந்த ஊரில் தடித்த கட்டி உள்ளே காய்வதற்குள் பூசணம் பிடித்துவிடும். விரற்கடை உயரத்துக்குமேல் ஊற்றாமல், உறைந்ததும் சிறு துண்டுகளாக வெட்டி, மின்விசிறிக் காற்றில் திருப்பித் திருப்பி வைக்க வேண்டும். வளைத்தால் வளையாமல் பட்டென்று ஒடிகிற துண்டே காய்ந்த துண்டு. வளைகிறது என்றால் இன்னும் துணி மாற்ற வேண்டும்.