கீது அன்னா ஜோஸ்: ரயில்வே அணியிலிருந்து மெல்பர்ன் வரை

கீது அன்னா ஜோஸ் (பிறப்பு: 1985) இந்திய மகளிர் கூடைப்பந்து அணியின் முன்னாள் தலைவி. கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்தைச் சேர்ந்தவர். சங்கனாச்சேரி அசம்ப்ஷன் கல்லூரியில் படித்துவிட்டுத் தெற்கு ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்து சென்னையில் ஆடினார். 2006 முதல் 2008 வரை ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்காகக் களமிறங்கினார். ஆஸ்திரேலியக் கிளப் ஒன்றுக்கு ஆடிய முதல் இந்தியக் கூடைப்பந்து வீராங்கனை இவரே. 2014-ஆம் ஆண்டு அர்ஜுனா விருது பெற்றார்.

நாடு விட்டு நாடு சென்று, கிளப்புக்குக் கிளப் மாறி, ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டு வாழும் கூடைப்பந்து வீரர்கள் ஐரோப்பாவில் நூற்றுக்கணக்கில் உண்டு. இந்தியாவில் அந்த வாழ்க்கைக்கு மிக அருகில் சென்றவர்களைத் தேடினால் கீதுவின் பெயர் முதல் வரிசையில் வரும். அவர் எவ்வளவு தூரம் போனார், எந்த இடத்தில் நின்றார் என்பதில் இந்தியக் கூடைப்பந்தின் வரலாறே அடங்கியிருக்கிறது.

ஐரோப்பியத் தடமும் இந்தியத் தடமும்

கூடைப்பந்து 1891-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் உருவாக்கிய ஆட்டம். அவர் வேலை பார்த்தது ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில். அதே ஒய்.எம்.சி.ஏ. வழியாகத்தான் ஐரோப்பாவுக்கும் சென்னைக்கும் ஆட்டம் வந்து சேர்ந்தது. ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் பயின்ற ஆசிரியர்கள் அதைப் பள்ளிகளுக்குக் கொண்டு போனார்கள். ஆடவருக்கான தேசியப் போட்டி 1934-இல் டெல்லியில் நடந்தது. இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு 1950-இல் அமைந்தது. தொடக்கத்தில் நாம் ஒன்றும் பின்தங்கியிருக்கவில்லை.

பாதை பிரிந்தது பிறகுதான். ஐரோப்பாவில் நகரங்களின் பெயரால் கிளப்புகள் வளர்ந்தன. வென்றால் மேல் பிரிவு, தோற்றால் கீழ்ப் பிரிவு என்ற ஏற்ற இறக்கம் இருந்ததால் சிறு நகரக் கிளப்புக்கும் நல்ல ஆட்டக்காரர் தேவைப்பட்டார். 1958-இல் ஐரோப்பியக் கிளப் சாம்பியன் கோப்பை தொடங்கியது. பொஸ்மான் என்ற பெல்ஜியக் கால்பந்து வீரர் தொடுத்த வழக்கில் 1995-இல் வந்த ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பு, ஒன்றிய நாடுகளின் வீரர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் வேறு நாட்டுக் கிளப்புக்குத் தடையின்றிப் போகலாம் என்றது. கால்பந்துக்கு வந்த தீர்ப்புதான், ஆனால் கூடைப்பந்துச் சந்தையையும் திறந்துவிட்டது. ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தம், நடுவில் முகவர், பருவம் முடிந்தால் அடுத்த ஊர் என்பது ஒரு வாழ்க்கைமுறையாகவே ஆகிவிட்டது.

இந்தியாவில் கிளப்புகளின் இடத்தை அலுவலகங்கள் எடுத்துக்கொண்டன. ரயில்வே, வங்கி, காவல்துறை, படை, மின்வாரியம் ஆகியவையே அணிகளை நடத்தின. சென்னையில் தெற்கு ரயில்வே, இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி ஆகிய பெயர்களைக் கேட்காத கூடைப்பந்து ரசிகர் இருக்க முடியாது. இந்த அணிகளில் ஆட்டக்காரருக்குக் கிடைப்பது பருவ ஒப்பந்தம் அன்று. ஆட்டம் ஓய்ந்த பிறகும் தொடரும் உத்தியோகம்.

இதைக் குறையாக மட்டும் சொல்வது நியாயமில்லை. விருதுநகர், சிவகாசிப் பக்கம் அப்பா பட்டாசு ஆலையிலும் அம்மா தீப்பெட்டி வேலையிலும் கூலிக்கு உழைக்கிற வீட்டில், பள்ளி மைதானத்தில் பந்தோடு வளரும் ஒரு பெண்ணுக்கு மாதச் சம்பளம் என்பது பெரிய சொல். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம், அதன் பிறகு ரயில்வே வேலை என்ற வழி கண்ணுக்குத் தெரிகிற வழி. மெல்பர்னோ மாட்ரிட்டோ அப்படித் தெரிவதில்லை.

ரிங்வுட் ஆண்டுகள்

ரிங்வுட் மெல்பர்னின் கிழக்குப் புறநகர்ப் பகுதி. அதன் மகளிர் அணி ஆடியது விக்டோரியா மாநிலத்தின் ‘பிக் வி’ லீக்கில். இது ஆஸ்திரேலியாவின் தலையாய லீக் அன்று. மாநில அளவிலான, பாதித் தொழில்முறையான போட்டி. இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கீதுவைப் பற்றிய சில குறிப்புகள் அவர் ஆஸ்திரேலியாவின் உச்ச லீக்கில் ஆடியதுபோல எழுதிவிடுகின்றன. ஆனால் இத்தகைய லீக்கிலும் வெளிநாட்டு ஆட்டக்காரருக்கான இடம் விரல்விட்டு எண்ணக்கூடியது. அந்த இடத்தில் வருபவர் உள்ளூர்க்காரரைவிடக் கூடுதலாகப் புள்ளி சேர்க்க வேண்டும், பலகையில் பட்டுத் திரும்பும் பந்தைக் கூடுதலாகப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பருவம் அழைப்பு வராது. கீதுவை மறுபடியும் அழைத்தார்கள் என்பதே அவர் ஆட்டத்துக்குச் சான்று.

ஆறடி இரண்டு அங்குலம் உயரமுள்ள அவர் இந்தியாவில் வளையத்தின் அடியில் நின்றால் எதிரணியில் ஈடுகொடுக்க ஆள் குறைவு. ஆஸ்திரேலியாவில் அந்த உயரம் வியப்புக்குரியது இல்லை. இந்திய ரயில்வே மகளிர் அணி நீண்ட காலம் தேசியப் போட்டிகளில் கோலோச்சியது. அதன் பலமே அதன் சிக்கலும்கூட: எளிதில் வெல்லும் ஆட்டங்களில் ஓர் ஆட்டக்காரர் தன் சிறந்த ஆண்டுகளைக் கழிக்க நேர்கிறது.

2011-இல் அமெரிக்க மகளிர் தொழில்முறை லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வின் மூன்று அணிகள் அவரைத் தேர்வுச் சோதனைக்கு அழைத்தன: சிகாகோ ஸ்கை, லாஸ் ஏஞ்சலஸ் ஸ்பார்க்ஸ், சான் அன்டோனியோ சில்வர் ஸ்டார்ஸ். அந்த வாய்ப்புப் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். ஒப்பந்தம் கிடைக்கவில்லை. அந்த லீக்கில் அப்போது 12 அணிகள், அணிக்கு 11 பேர். உலகம் முழுவதற்கும் சேர்த்து 132 இடங்கள்! அமெரிக்கக் கல்லூரிகளில் சிறந்து விளங்கியவர்களே வெளியில் நின்ற வரிசை அது.

அந்த வரிசையில் இடம் கிடைக்காதவர்கள் பொதுவாக எங்கே போனார்கள்? ஐரோப்பாவுக்கு. கிடைத்தவர்களும் குளிர்காலத்தில் அங்கேதான் போனார்கள். அமெரிக்காவின் டயானா டவ்ராசி ஸ்பார்டக் மாஸ்கோ, துருக்கியின் ஃபெனர்பாச்சே, கலாடாசராய், பிறகு ரஷ்யாவின் எகடெரின்பர்க் என்று ஆடினார். 2015-இல் எகடெரின்பர்க் கிளப் பணம் கொடுத்து அவரை அமெரிக்கப் பருவத்தையே விட்டு ஓய்வெடுக்க வைத்தது. ஆண்டு முழுதும் ஆடித் தேய்ந்த உடல் தனக்காகத் தேறட்டும் என்பது கிளப்பின் கணக்கு. இந்த வாழ்க்கை மலர்ப்பாதை இல்லை. ஸ்பார்டக் அணியின் புரவலர் ஷப்தாய் கால்மனோவிச் 2009 நவம்பரில் மாஸ்கோ தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். எகடெரின்பர்க்கில் ஆடிவந்த பிரிட்னி கிரைனர் 2022-இல் மாஸ்கோ விமான நிலையத்தில் கைதாகி, ஆண்டு இறுதியில் கைதிப் பரிமாற்றத்தில்தான் விடுதலையானார்.

கீது ரயில்வேயிலும் இந்திய அணியிலும் தொடர்ந்தார். 2013-இல் பாங்காக்கில் நடந்த ஆசியப் போட்டியில் இந்திய மகளிர் ஐந்தாம் இடம் பெற்றனர். அதற்குமுன் இந்தியா அந்த இடத்தைத் தொட்டதில்லை.

உடன் ஆடியவர்களும் பின்வந்தவர்களும்

அவருடைய தெற்கு ரயில்வே அணித் தோழி சென்னையின் அனிதா பால்துரை. வெளிநாட்டுக் கிளப் அனுபவத்துக்காக அன்றி, இந்திய அணியில் நீடித்து நின்றதற்காகப் பெயர் பெற்றவர். 19 வயதில் இந்திய அணித் தலைமை, தாயான பிறகு மீண்டும் களம், 2017-இல் பெங்களூரில் ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவை வென்ற அணியில் இடம், 2021-இல் பத்மஸ்ரீ. அந்த இறுதி ஆட்டத்தில் இந்தியா கசகஸ்தானை வென்றது இரண்டே புள்ளி வித்தியாசத்தில்.

ஆடவரில் பஞ்சாபின் சத்னாம் சிங்கை 2015-இல் டல்லாஸ் மாவரிக்ஸ் 52-ஆவது தேர்வாக எடுத்தது. ஆயினும் என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில்கூட அவர் இறங்கவில்லை. அம்ரித்பால் சிங் ஜப்பானிலும், 2017–18 பருவத்தில் சிட்னி கிங்ஸ் அணியிலும் ஆடினார். உள்நாட்டில் 2015-இல் தொடங்கிய யு.பி.ஏ. லீக்கில் சென்னை ஸ்லாம் என்ற அணி இருந்தது. அந்த லீக் 2017-க்குப் பிறகு நடக்கவில்லை. வேலையை உதறிவிட்டு லீக்கை நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வீரர்கள் எண்ணிப் பார்த்திருப்பார்கள்.

கீது ரிங்வுட்டை விட்டு வந்து பத்து ஆண்டுகள் கழித்து, 2018-இல், அதே கிளப் இன்னொரு இந்தியரை அழைத்தது. வயநாட்டைச் சேர்ந்த பி.எஸ். ஜீனா. கேரள மாநில மின்வாரிய ஊழியர்.