மரக்கணக்கும் மண்கணக்கும்: பிச்சாவரம் அலையாத்திக் காட்டின் கரிம வரலாறு

பிச்சாவரம் அலையாத்திக் காட்டின் சிதைவுக்குச் சுற்றுவட்டார மக்களின் விறகுவெட்டும் கால்நடை மேய்ச்சலுமே காரணம் என்னும் கருத்து நெடுங்காலம் நிலவியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் மேற்கொண்ட ஆய்வுகள் வேறொரு காரணத்தை முன்வைத்தன. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட இக்காடு ஆங்கிலேயர் ஆட்சிக்காலம் தொட்டு 1970கள் வரை கூப்பு முறையில் வெட்டப்பட்டது. அதாவது, காடு கூறுகளாகப் பிரிக்கப்பட்டு ஒவ்வொரு கூறாக முற்றிலும் வெட்டப்பட்டது. நிழலிழந்த சேற்றுத்தரை நீர்வற்றிச் சுருங்கித் தாழ்ந்தது. தாழ்ந்த பகுதி தொட்டிபோலாகி, ஏறிய ஓதநீர் வடியாமல் தேங்கி ஆவியாகவே, உவர்மை மிகுந்து மறுவளர்ச்சி நின்றது. மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதநீர் புகவும் வடியவும் வழிசெய்த பின்னரே வெண்கண்டல் மீண்டும் தழைத்தது.

இவ்விளக்கம் உவர்மையைப் பற்றியது. அதே நிகழ்வைக் கரிம இழப்பாக வாசிக்க இயலுமா என்பதே இக்கட்டுரையின் வினா.

கூப்பு முறை மரத்தையே கணக்கிட்டது, மண்ணை அன்று. காட்டின் கரிமத்தை மதிப்பிட முற்பட்ட சூழலியலாளரும் பெரும்பாலும் மரத்திலிருந்தே தொடங்கினர். தண்டின் விட்டத்தைச் சமன்பாட்டில் இட்டு உயிர்த்திரளைக் கண்டு, அதில் ஏறத்தாழப் பாதியைக் கரிமமாகக் கொள்வது வழக்கம். (1.3 மீட்டர் உயரத்தில் விட்டம் அளக்கும் காட்டியல் மரபு சுரபுன்னையிடம் செல்லாது. அவ்வுயரத்தில் பல வேளைகளில் தாங்குவேர்களே நிற்கும். எனவே மேல்வேருக்கு 30 செ.மீ. மேலே அளக்கின்றனர்.) மண்ணின் பங்கைச் சிலர் முன்னரே சுட்டியிருந்தாலும், அதனை மையத்துக்குக் கொணர்ந்தது டொனாட்டோ குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வே. இந்திய-பசிபிக் பகுதியின் 25 அலையாத்திக் காடுகளில் ஹெக்டேருக்குச் சராசரி 1,023 டன் கரிமம் இருந்தது. அக்காடுகளில் அதன் 49 முதல் 98 விழுக்காடு வரை மண்ணில் கிடந்தது.

மண்கரிமத்தை அளக்க, துளைத்தெடுத்த மண்ணை ஆழவாரியாகப் பிரித்து உலர்த்துவர். ஒவ்வோர் அடுக்கின் பரும அடர்த்தி, கரிம விழுக்காடு, தடிப்பு ஆகியவற்றைப் பெருக்கிக் கூட்டுவர். ஒப்பீட்டின் பொருட்டு மேல் 1 மீட்டரை மட்டும் கொள்வது பெருவழக்கு. பிச்சாவரத்தில் இவ்வழக்கே இடர்தருகிறது. சுருங்கிய மண்ணின் பரும அடர்த்தி கூடும். தாழ்ந்த தரையிலிருந்து 1 மீட்டர் துளைத்தால், முன்பு அவ்வெல்லைக்குக் கீழே கிடந்த அடுக்கும் கணக்கில் நுழையும். வெட்டப்பட்ட நிலம் கரிமத்தை இழந்திருந்தும் இழக்காததுபோல் எண்கள் காட்டக்கூடும். தரை தாழ்ந்ததில் நீர்வற்றலின் பங்கு எவ்வளவு, கரிமம் சிதைந்து வெளியேறியதன் பங்கு எவ்வளவு என்பதை ஆழத்தை மட்டும் கொண்டு பிரிக்க இயலாது. சம ஆழத்துக்கு மாறாகச் சம எடையுள்ள கனிம மண்ணை ஒப்பிடுவதும், வெட்டுண்ட பகுதியின் தரைமட்டத்தை அருகிலுள்ள வெட்டப்படாத காட்டின் தரைமட்டத்தோடு சேர்த்துப் பதிவதும் இதற்குத் தேவை. வாய்க்கால் தோண்டிக் கரையில் குவித்த சேறும் காற்றுப்பட்டுக் கரிமம் இழக்கக்கூடியதே. மீட்பின் வரவுக் கணக்கில் அதனையும் கழித்தாக வேண்டும்.