‘ப்ளோட்’: பலியா, படையலா?

ஐஸ்லாந்து கி.பி. 1000 அளவில் கிறித்துவத்தை ஏற்றது. பழைய தெய்வங்களுக்குரிய ‘ப்ளோட்’ என்னும் சடங்கு சிறிது காலம் மறைவாகச் செய்ய இசைவு பெற்றுப் பின்னர்த் தடையுற்றது. பண்டை நார்ஸ் மொழியில் அச்சொல் உயிர்ப்பலியையும் அதனோடு இயைந்த விருந்தையும் சுட்டியது.

1972இல் ஸ்வேன்பியோர்ன் பெய்ன்டெய்ன்சன் முதலியோர் தோற்றுவித்த ஆசாத்ரு சங்கம் 1973இல் அரசின் ஏற்பைப் பெற்றது. டிசம்பரில் பகற்பொழுது மிகக் குறுகிய நாளையொட்டிச் சங்கத்தினர் திறந்தவெளியில் தீயைச் சூழ்ந்து கூடுவதும் ‘ப்ளோட்’ என்றே வழங்குகிறது. ஆயின் அங்கு உயிர்ப்பலி இல்லை. தெய்வங்களை வாழ்த்திப் பானத்தைப் பகிர்ந்து பருகுதலே உண்டு.

எனவே, பழைய சாகாக் கதைகளைப் பெயர்ப்போர்க்குப் ‘பலி’ என்னும் சொல் பொருந்தும். இன்றைய கூடுகையையும் அச்சொல்லாற் குறிப்பது, செய்யாத கொலையை அம்மக்கள்மேல் ஏற்றுவதாகும். ‘படையல்’ என்பதே இங்குத் தகும்.