ராயக்கோட்டை முதல் ரேக்ளா வரை

கேப்டன் லின்னேயஸ் டிரைப் மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரர். மதுரை, தஞ்சை, திருச்சி என்று சுற்றி அவர் எடுத்த படங்கள் 1858 வாக்கில் தனித்தனித் தொகுதிகளாயின. அவற்றில் ஒன்று ராயக்கோட்டைக்கும் அன்றைய சேலம் மாவட்டத்தின் மற்ற இடங்களுக்கும் உரியது.

மெழுகேற்றிய தாள்தான் அவருடைய நெகட்டிவ். நம் ஊர் வெக்கையில் நெடும்பயணம் போகிறவருக்கு அது தோது; முன்கூட்டியே தயார் செய்து எடுத்துப் போகலாம். ஆனால் வேகத்தில் படு மந்தம். லென்ஸ் மூடியைக் கழற்றிவிட்டு நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். குறுக்கே நடந்து போகிறவர் அதில் பதியவே மாட்டார். நீல ஒளி மிகையாகப் பதிந்து வானம் வெறும் வெள்ளையாகிவிடும் என்பதால், நெகட்டிவின் மேல் தூரிகையால் மேகம் தீட்டினார் டிரைப்.

படத்துக்கு எவ்வளவு வெளிச்சம் என்பதை மூன்று பேர் சேர்ந்து தீர்மானிக்கிறார்கள்: அப்பெர்ச்சரின் திறப்பு, ஷட்டர் திறந்திருக்கும் நேரம், ஃபிலிமின் வேகம். ஒன்றில் குறைந்ததை இன்னொன்றில் ஈடுகட்டியாக வேண்டும். டிரைப்பிடம் தாளின் வேகம் மாறாது. கூர்மைக்காக அப்பெர்ச்சரைச் சுருக்கிவிட்டால் மிச்சம் நேரம் மட்டுமே.

ஏறத்தாழ எண்பது ஆண்டு கழித்து, கோவை சிங்காநல்லூரில் அந்த நேரமும் பூட்டப்பட்டது. சென்ட்ரல் ஸ்டுடியோவில் 'சிவகவி' (1943), எம்.ஜி.ஆர். முதன்முதலில் நாயகனான 'ராஜகுமாரி' (1947) ஆகியவை உருவான காலம் அது. பேசும் படத்துக்கு விநாடிக்கு 24 பிரேம்; ஒவ்வொன்றுக்கும் ஷட்டர் கிட்டத்தட்ட 1/48 விநாடிதான் திறக்கும். ஃபிலிமின் வேகமும் குறைவு. அப்பெர்ச்சரை முழுக்கத் திறந்தால் முன்னால் நிற்கும் நாயகி தெளிவாகவும் பின்னால் இருக்கும் அரசவை கலங்கலாகவும் ஆகிவிடும். ஆகவே விளக்குகள், மேலும் விளக்குகள். ஜரிகை உடையோடு நடிகர்கள் அந்த அனலில் நின்று வசனம் பேசினார்கள்.

ஊர்ப்புற போட்டோ ஸ்டுடியோக்காரருக்குப் பூட்டு ஃபிலிமில் இருந்தது. ஊட்டியில் 1960-ல் உருவான இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1967-ல் உற்பத்தியைத் தொடங்கியது. 'இந்து' என்பது அதன் பிராண்டு. எந்த கம்பெனிச் சுருளானாலும், மாட்டியபின் கடைசி பிரேம் வரை ஒரே ஏஎஸ்ஏ, அதாவது ஒரே வேகம்தான். (ஏஎஸ்ஏவையும் ஜெர்மானிய டிஐஎன்னையும் 1974-ல் இணைத்த அளவே ஐஎஸ்ஓ.) 100 ஏஎஸ்ஏ சுருளுக்கு உச்சி வெயிலில் அப்பெர்ச்சர் எஃப் 16, ஷட்டர் 1/125 என்பது மனப்பாடக் கணக்கு. மண்டபத்துக்குள் முகூர்த்தம் என்றால் ஃப்ளாஷ்தான் கதி.

டிஜிட்டலில் அந்தப் பூட்டும் திறந்தது. பொள்ளாச்சிப் பக்கம் ரேக்ளா பந்தயம் என்று வைத்துக்கொள்வோம். அதே வெயில்தான். ஆனால் 1/125-ல் காளைகளின் கால்கள் இழுபட்டுத் தெரியும், 1/1000 வேண்டும். வெளிச்சம் மூன்று படி இறங்கிவிடும். அப்பெர்ச்சரை 16-லிருந்து 11, 8, 5.6 என்று திறக்கலாம். பின்னால் நிற்கும் கூட்டம் மங்கும். அல்லது எஃப் 16-லேயே நிறுத்தி, ஐஎஸ்ஓவை 100-லிருந்து 800-க்கு ஏற்றலாம். நிழல் பகுதிகளில் புள்ளி தட்டும். இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் என்று பிரித்துக்கொள்பவர்களும் உண்டு.

சினிமாக்காரர்கள் மட்டும் ஷட்டரை இன்றும் பெரும்பாலும் 1/48-லேயே வைக்கிறார்கள். அசைவு கண்ணுக்கு இயல்பாகத் தெரிவது அந்த அளவில்தான். அதனால் பொள்ளாச்சித் தென்னந்தோப்பில், பட்டப்பகலில் அப்பெர்ச்சரைத் திறந்து எடுக்க நினைக்கும் ஒளிப்பதிவாளர், லென்ஸுக்கு முன்னால் என்டி ஃபில்டர் என்ற கறுப்புக் கண்ணாடியை மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கிறார்.