பத்தாவது முடித்ததும் காலேஜ்

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் பத்தாம் வகுப்பு தேறிய பிள்ளை அடுத்த மாதமே காலேஜுக்குப் போகிறது. அதே வயதில் ஆம்பூரில் இருக்கும் அதன் சித்தப்பா பிள்ளை, சீருடை மாட்டிக்கொண்டு பிளஸ் ஒன் வகுப்பில் உட்காருகிறது. பாடம் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு ஆண்டு கழித்து இருவரும் எழுதக்கூடிய நீட் தேர்வும் ஒன்றேதான். ஆனால் ஒருவருக்கு வகுப்பாசிரியர், இன்னொருவருக்கு லெக்சரர். ஒருவர் பள்ளி மாணவர், மற்றவர் கல்லூரி மாணவர். இந்த நடு வகுப்பு பள்ளியைச் சேர்ந்ததா கல்லூரியைச் சேர்ந்ததா என்ற வழக்கு தென்னிந்தியாவில் நூற்றைம்பது ஆண்டுக்கும் மேலாக நடக்கிறது. அந்த எல்லைக்கோடு பலமுறை இடம் மாறியிருக்கிறது. எந்தப் பாடம் எடுத்தால் எங்கே போகலாம் என்று பிள்ளைக்குச் சொல்ல வேண்டியவர் யார் என்பதை மட்டும் எந்த மாற்றமும் உறுதியாக எழுதிவைக்கவில்லை.

லிங்கராஜபுரம் கன்டோன்மென்டின் வடகிழக்கே, ரயில் பாதைக்கு அப்பால், ஹென்னூர் சாலையையும் கம்மனஹள்ளியையும் ஒட்டி இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் படை முகாம் பெங்களூருக்கு வந்தபோது, அதன் பின்னால் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து சிப்பாய்களும் வியாபாரிகளும் கூலிக்காரர்களும் வந்து குடியேறினார்கள். 1898இல் பிளேக் தாக்கியதும் நெரிசலான தெருக்களிலிருந்து மக்களை வெளியே கொண்டுவரப் புதிய பேட்டைகள் எழுந்தன. பிரேசர் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன், காக்ஸ் டவுன், குக் டவுன் என்று நகரம் அந்தத் திசையில் நீள, கிராமமாக இருந்த லிங்கராஜபுரமும் நகரத்துக்குள் வந்துவிட்டது. இன்றும் தமிழ் புழங்கும் பகுதி அது.

பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவிலான அந்த எல்லைக்கோட்டின் கதைக்கு வருவோம். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது பள்ளிப் படிப்பின் முடிவைப் பல்கலைக்கழகமே தீர்மானித்தது. மெட்ரிகுலேஷன் தேர்வு பல்கலைக்கழகத்தின் வாசல். அதைத் தாண்டியவர் எஃப்.ஏ. என்ற இரண்டாண்டு வகுப்பில் சேர வேண்டும். அதையும் தேறினால்தான் பி.ஏ. எஃப்.ஏ. வகுப்பில் மாணவர் விரும்பியதை மட்டும் படிக்க வழி கிடையாது. ஆங்கிலத்திலிருந்து உடலியங்கியல் வரை எல்லாவற்றிலும் தேற வேண்டும். இந்த விதியில் அடிபட்டவர்களில் உலகம் அறிந்தவர் சீனிவாச ராமானுஜன். 1904இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் போகாததால் உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து 1907இல் எழுதிய எஃப்.ஏ. தேர்விலும் தேறவில்லை. அவருடைய கணக்கைப் பார்த்து வியந்த ஆசிரியர்கள் இருந்தார்கள். இந்தப் பிள்ளைக்கு எந்தப் படிப்பு பொருந்தும், விதியில் எங்கே இடம் இருக்கிறது என்று உட்கார்ந்து பேசுவது யாருடைய வேலையாகவும் இல்லை. பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை தந்தது 1913இல்தான். அதற்குள் அவர் பட்டம் இல்லாமல் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தாவாகிவிட்டிருந்தார்.

பெங்களூரில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாக இருந்தது. நகரம் இரண்டு ஆட்சிகளின் கீழ் இருந்ததே காரணம். பேட்டைப் பக்கம் மைசூர் மகாராஜாவுடையது. கன்டோன்மென்ட் பிரிட்டிஷாருடைய சிவில் அண்டு மிலிட்டரி ஸ்டேஷன். 1916இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் தோன்றியபோது சென்ட்ரல் கல்லூரி அதன் கீழ் போயிற்று. கன்டோன்மென்ட் பக்கத்தின் செயின்ட் ஜோசப் கல்லூரியோ சென்னைப் பல்கலைக்கழகத்தோடேயே தொடர்ந்தது. ஆங்கிலோ-இந்தியப் பள்ளிகளில் கேம்பிரிட்ஜ் தேர்வும் நடந்தது. ஒரே ஊரில் சில மைல் இடைவெளியில் மூன்று வகைச் சான்றிதழ்கள். ஒவ்வொன்றுக்கும் தனி வாசல். 1947இல் கன்டோன்மென்ட் மைசூர் அரசிடம் திரும்பி வரும்வரை இந்த நிலை நீடித்தது.

மைசூர்ப் பல்கலைக்கழகம் தொடக்கத்தில் செய்துபார்த்த ஏற்பாடு தனியாகக் கவனிக்கத்தக்கது. பட்டப்படிப்பை மூன்று ஆண்டாக வைத்து, அதற்கு முந்தைய ஒரு நுழைவு ஆண்டைத் தேர்ந்தெடுத்த உயர்நிலைப் பள்ளிகளிலேயே நடத்தினார்கள். கல்லூரிப் பாடம், பள்ளிக்கூடக் கட்டடம். பள்ளி மாணவர் கல்லூரிப் பாடத்தைப் பள்ளியிலேயே படித்துக் கணக்கில் சேர்த்துக்கொள்வது என்று இன்று உலகம் பேசுவதற்கு இதைவிட நெருக்கமான பழைய உதாரணம் இந்தப் பகுதியில் இல்லை. பிறகு மைசூரும் மற்றப் பல்கலைக்கழகங்களைப் போல, எஃப்.ஏ.வின் இடத்தில் வந்திருந்த இரண்டாண்டு இன்டர்மீடியட்டுக்கு மாறிக்கொண்டது. நல்ல யோசனை ஒன்று வேர்பிடிக்கக் காலம் கிடைக்காமலே போயிற்று.

இதற்கிடையே மைக்கேல் சாட்லர் தலைமையிலான கல்கத்தா பல்கலைக்கழகக் கமிஷன் 1919இல் அறிக்கை தந்தது. இன்டர்மீடியட் வகுப்பில் இருப்பது பள்ளி வயதுப் பிள்ளைகள்தான்; ஆகவே அதைப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரித்துத் தனி நிறுவனங்களில் நடத்த வேண்டும் என்றது. சில மாகாணங்கள் கேட்டுக்கொண்டன. சென்னை மாகாணத்தில் இன்டர்மீடியட் கல்லூரிகளிலேயே தங்கிவிட்டது.

சுதந்திரத்துக்குப் பின் இந்தக் கேள்வியைக் கையிலெடுத்தவர் ஒரு தமிழர். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952இல் அமைந்த இடைநிலைக் கல்விக் கமிஷன் அடுத்த ஆண்டு அறிக்கை கொடுத்தது. இன்டர்மீடியட்டை எடுத்துவிட வேண்டும். அதில் ஓராண்டைப் பள்ளியோடும் ஓராண்டைப் பட்டப்படிப்போடும் சேர்க்க வேண்டும். அதுவரை பழைய முறையில் பள்ளி முடித்து வருகிறவர்களுக்குக் கல்லூரியில் ஓராண்டுப் புகுமுக வகுப்பு நடத்தலாம் என்றது. பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்பு பிறந்த கதை இதுதான். அந்த அறிக்கையில் அதிகம் பேசப்படாத ஓர் இயல் உண்டு. அது மாணவர்க்கு வழிகாட்டுதல் பற்றியது. பல வகைப் பாடப்பிரிவுகளை வைத்தால், பிள்ளைக்கு எது ஏற்றது என்று சொல்லப் பயிற்சி பெற்ற வழிகாட்டல் அலுவலரும், வேலைவாய்ப்பு விவரம் தெரிந்த ஆசிரியரும் பள்ளிகளுக்குத் தேவை என்று கமிஷன் சொல்லியது. 1954இல் டில்லியில் மத்திய வழிகாட்டல் நிலையம் ஒன்றும் தொடங்கியது. ஆனால் பி.யூ.சி. ஊரெங்கும் வந்துசேர்ந்த வேகத்தில் வழிகாட்டி ஆசிரியர் வந்துசேரவில்லை.

தற்காலிகமாக வந்த புகுமுக வகுப்பு ஒரு தலைமுறையையே சோதித்தது. தாய்மொழியில் பள்ளிப் படிப்பு முடித்த பதினாறு வயதுப் பிள்ளை, ஆங்கிலத்தில் நடக்கும் இயற்பியலையும் வேதியியலையும் ஒரே ஆண்டில் பிடித்தாக வேண்டும். தட்டுத் தடுமாறி மொழி பிடிபடும்போது தேர்வு வந்துவிடும். “பி.யூ.சி. ஃபெயில்” என்ற இரண்டு சொற்கள் கல்யாணப் பேச்சு வரை கூட வந்தன.

கோத்தாரி கமிஷன் 1966இல் சொன்ன கணக்குத்தான் பின்னர் நாடு முழுவதும் 10+2+3 என்று நிலைபெற்றது. நடுவில் நிற்கும் அந்த இரண்டை எங்கே வைப்பது என்பதில் பக்கத்துப் பக்கத்து மாநிலங்கள் பிரிந்தன. தமிழ்நாடு 1978இல் அதைப் பள்ளிக்குக் கொண்டுபோய் மேல்நிலை வகுப்பாக்கியது. முதல் பிளஸ் டூ அணி 1980இல் தேர்வெழுதியது. கர்நாடகம் 1970களிலேயே இரண்டாண்டு பி.யூ.சி.யை ஏற்றுக்கொண்டது, ஆனால் காலேஜ் என்ற பெயரை விடவில்லை. உயர்நிலைப் பள்ளியும் பி.யூ. வகுப்பும் ஒரே வளாகத்தில் இருக்கும் அரசு நிறுவனத்துக்குக்கூட ஜூனியர் காலேஜ் என்றுதான் வழக்கு. பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட முடியாது. பள்ளி என்றால் வருகையைக் கேட்க, வீட்டுக்குச் சொல்லியனுப்ப ஒருவர் இருக்க வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். காலேஜ் என்றால் பதினைந்து வயதுப் பிள்ளை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறார்கள்.

எஸ்.எஸ்.எல்.சி. முடிவு வந்த வாரத்தில் பி.யூ. கல்லூரியின் அறிவிப்புப் பலகையைப் பார்த்தால் விஷயம் விளங்கும். பி.சி.எம்.பி., பி.சி.எம்.சி., பி.சி.எம்.இ., சி.இ.பி.ஏ., எச்.இ.பி.எஸ். என்று எழுத்துகள் வரிசையாக நிற்கும். இவற்றுக்குக் காம்பினேஷன் என்று பெயர். தமிழ்நாட்டில் குரூப் என்பதற்கு இங்கே அதுதான் சொல். விண்ணப்பத்தில் ஒரு கட்டத்துக்குள் அந்த நான்கு எழுத்தை எழுதுவதற்குச் சில நொடிகள் போதும். இயற்பியல், வேதியியல், கணிதத்தோடு நான்காவதாக உயிரியலா கணினியா என்ற ஓர் எழுத்து மாற்றம், மருத்துவப் படிப்பையும் பி.எஸ்சி. நர்சிங்கையும் திறந்துவைக்கவோ மூடிவிடவோ செய்யும். வரலாறு, பொருளியல், அரசியல், சமூகவியல் என்ற எச்.இ.பி.எஸ். எடுத்தவருக்குச் சட்டமும் ஆட்சிப்பணித் தேர்வும் திறந்தே இருக்கும், பொறியியல் கிடையாது. கணிதத்தை விட்டவருக்குக் கட்டடக்கலை கிடையாது. உயிரியலைக் கூடுதல் பாடமாகப் பின்னால் படித்தாலும் நீட் எழுதலாம் என்ற தளர்வு 2023இல் வந்தது. இந்தச் செய்தி எத்தனை வீடுகளை எட்டியிருக்கும்?

லிங்கராஜபுரத்துத் தமிழ்க் குடும்பத்துக்கு இதற்கு மேலும் ஒரு சுமை உண்டு. கர்நாடகப் பொது நுழைவுத் தேர்வு வழியாக அரசு இடம் கேட்க வேண்டுமானால், பொது விதிப்படி குறைந்தது ஏழு ஆண்டாவது கர்நாடகத்தில் படித்திருக்க வேண்டும்; எஸ்.எஸ்.எல்.சி.யோ இரண்டாம் பி.யூ.சி.யோ இங்கே தேறியிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பொறியியல் இடம் கேட்டால், எட்டாவது முதல் பன்னிரண்டு வரை அங்கே படிக்காதவர் பிறப்பிடச் சான்றிதழ் காட்ட வேண்டும். ஒரு மாநிலத்துச் சாதிச் சான்றிதழ் இன்னொரு மாநிலத்தில் அதே சலுகையைத் தராது. செலவை நினைத்துப் பிள்ளையைப் பல வருஷம் பாட்டி ஊரில் படிக்கவைத்த குடும்பம், அந்த முடிவின் விலையைப் பன்னிரண்டாவது முடிந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறது. மொழிப் பாடத்திலும் இதே கதை. கர்நாடகத்தில் எஸ்.எஸ்.எல்.சி.க்குத் தமிழை முதல் மொழியாக எடுக்கலாம், பி.யூ.சி.யிலும் தமிழ் மொழிப்பாடப் பட்டியலில் இருக்கிறது. பள்ளியில் கன்னடத்துக்கு முதலிடம் கேட்ட கோகாக் அறிக்கையை ஒட்டி 1982இல் எழுந்த கன்னட மொழிக் கிளர்ச்சிக்குப் பிறகும் அந்த உரிமை பட்டியலில் தங்கியது. கல்லூரியில் தமிழ் லெக்சரர் இருக்கிறாரா என்பது வேறு கேள்வி. அதைச் சேர்வதற்கு முன்னால் கேட்கச் சொல்லும் ஆள் வேண்டும்.

ஆள் இல்லாத இடத்தில் அண்ணன்மார்களும் மாமாக்களும் நின்றார்கள். எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., பி.இ.எல்., எச்.எம்.டி. ஆகிய பொதுத்துறை ஆலைகள் 1940களிலும் 1950களிலும் எழுந்தபோது, ஆலையில் வேலை செய்தவர் சொன்னதே தெருவுக்கு வேதவாக்கு. “பி.யூ.சி. போய் என்ன பண்ணப் போற? டிப்ளமோ போடு, கையில தொழில் இருக்கும்” என்ற வாக்கு பலரைப் பாலிடெக்னிக்குக்கும் தொழிற்பயிற்சி நிலையத்துக்கும் அனுப்பியது. அந்த அறிவுரைக்குள் நல்ல கணக்கு ஒன்று இருந்தது. பத்தாவது முடித்து மூன்றாண்டு டிப்ளமோ படித்தவர், பி.இ. படிப்பில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். தொழிற்பயிற்சி முடித்தவர் டிப்ளமோவின் இரண்டாம் ஆண்டில் சேரலாம். முந்தைய படிப்பைப் பிந்தைய படிப்பின் கணக்கில் வரவு வைப்பது என்பது ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இங்கே கிடைத்த வடிவம் இதுதான். கிரெடிட் என்ற சொல் வராத காலத்திலேயே காரியம் நடந்தது.

லிங்கராஜபுரத்துக்குள்ளேயே நின்று வேலை செய்த நிறுவனம் ஒன்றையும் சொல்ல வேண்டும். என்.எஸ். ஹேமா 1959இல் தொடங்கிய மாற்றுத்திறனாளிகள் சங்கத்தின் வளாகம் இங்கேதான் இருக்கிறது. மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளும் மற்றவர்களும் சேர்ந்து படிக்கும் பள்ளி, அதன் பக்கத்தில் தொழிற்பயிற்சி என்று அது அமைந்தது. படிப்பையும் அடுத்து என்ன என்பதையும் பிரிக்காமல் ஒரே கூரையின் கீழ் யோசித்த அந்த முறை, அக்கம்பக்கத்துப் பி.யூ. கல்லூரிகள் எல்லாம் எடுத்துக்கொள்ளத்தக்கது.

படிப்பை வரவு வைக்கும் இந்த வழக்கம் வேறிடத்தில் முறையாகவே நடக்கிறது. அமெரிக்காவில் 1950களின் நடுவில் தொடங்கிய ஏ.பி. (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) திட்டம், உயர்நிலைப் பள்ளியிலேயே கல்லூரிப் பாடம் படித்துத் தேர்வில் ஐந்துக்கு மூன்றோ அதற்கு மேலோ எடுத்தவருக்குப் பல கல்லூரிகளில் வரவு தருகிறது. அங்கே பள்ளிக்கூட ஆலோசகர் என்பது சம்பளம் வாங்கும் தனிப் பணி. 250 மாணவருக்கு ஒருவர் வேண்டும் என்பது அந்தத் தொழிலின் சங்கம் வைத்திருக்கும் அளவு. இந்தியாவில் 2020இன் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி 2021இல் கல்வி வரவு வங்கி வந்தது. 2023இல் வெளியான தேசிய வரவுச் சட்டகம் பள்ளிப் படிப்பையும் அதே கணக்கில் சேர்த்து, ஓராண்டுக்கு 1,200 மணி நேரம், 40 கிரெடிட் என்று வரையறுத்தது. ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் இணையவழிப் படிப்பில், பதினொன்றாவது முடித்தவரே தகுதிச் சுற்றை எழுதிவைத்து, பன்னிரண்டாவது தேறியதும் சேர்ந்துகொள்ளலாம். கர்நாடகம் 2021இல் நாட்டுக்கே முதலாக நான்காண்டுப் பட்டப்படிப்பை ஏற்று, 2024இல் மூன்றாண்டுக்கே திரும்பியது. இரண்டாம் பி.யூ.சி.க்கு ஆண்டுக்கு மூன்று முறை தேர்வெழுதும் வாய்ப்பும் அதே ஆண்டில் வந்தது. கதவுகள் பெருகிவிட்டன. விதி மாறும் வேகத்துக்கு ஆலை மாமாவின் அறிவுரை ஈடுகொடுக்காது.

தமிழ்நாடு 2022இல் “நான் முதல்வன்”, “கல்லூரிக் கனவு” என்று திட்டங்கள் வகுத்து, பிளஸ் டூ மாணவருக்கு உயர்கல்வி வழிகாட்டலை அரசின் பொறுப்பாக எடுத்துக்கொண்டது. இரண்டாண்டைப் பள்ளிக்குள் வைத்திருந்ததால் அது எளிதாயிற்று. கர்நாடகம் அந்த இரண்டாண்டைக் கல்லூரி என்று அழைக்கிறது. அப்படியானால் கல்லூரிக்குரிய ஆலோசகரையும் தர வேண்டும். எஸ்.எஸ்.எல்.சி. முடிவு வந்த மறுநாள் காலையிலிருந்து, ஒவ்வொரு பி.யூ. கல்லூரியிலும் விண்ணப்பம் வாங்கும் ஜன்னலுக்கு முன்னால் ஓர் ஆசிரியர் உட்கார்ந்து, தமிழிலும் உருதுவிலும் கன்னடத்திலும் அந்த நான்கு எழுத்துக்கு அர்த்தம் சொல்ல வேண்டும். அதுவரை, பத்தாவது முடித்த பிள்ளை உள்ள வீட்டார் காம்பினேஷன் கட்டத்தை நிரப்புவதற்கு முன் குறைந்தது இரண்டு கல்லூரிகளில் போய்க் கேட்டுவிட்டுப் பேனாவை எடுங்கள்.