ஏறி இறங்கும் ஏரா: பாக் விரிகுடா வத்தையும் ஆழ்கடல் பாய்ப்படகும்

கொல்லிமலையில் பிறந்து ஆகாயகங்கை அருவியாக விழும் அய்யாறு, முசிறிப் பக்கம் காவிரியில் கலக்கிறது. இப்படி எத்தனையோ ஆறுகளும் ஓடைகளும் மேட்டு நிலத்தைக் கரைத்துக் கொண்டுவந்த வண்டல்தான் காவிரியின் கழிமுகத்தை உண்டாக்கியது. கோடியக்கரைக்கு மேற்கே முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் வரை கடலைச் சேறாகத் தூர்த்து வைத்திருப்பதும் அதே வண்டல்தான். பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லாதது. கரையை நெருங்கினால் நெடுந்தொலைவுக்கு இடுப்பளவுத் தண்ணீர்தான். இங்கே பாய் விரித்து ஓடுகிறவருக்கு ஏரா (படகின் அடியில் நீருக்குள் நீளும் உறுப்பு) ஆழமாக இருந்தால் தரை தட்டும்; ஏராவே இல்லையென்றால் பக்கக் காற்று படகை ஒதுக்கிக்கொண்டு போய்விடும். ஆழ்கடல் உலாவுக்கென்று ஐரோப்பாவில் இன்று கட்டப்படும் தூக்கு ஏராப் படகும் இந்த இக்கட்டுக்கு விடையாக வந்ததுதான். அதன் வரலாற்றை 1774இல் தொடங்குவது வழக்கம். அந்தத் தொடக்கம் போதாது. தமிழ்க் கரையின் மீன்பிடிப் படகான வத்தையையும் கட்டுமரத்தையும் சேர்த்துப் படித்தால்தான் இந்த வடிவமைப்பின் அடிப்படை விளங்கும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வழக்கமான வரலாறு சுருக்கமானது. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜான் ஷாங்க் 1774இல் பாஸ்டனில், பெர்சி பிரபுவுக்காக, மேலும் கீழும் நகரும் ஏரா பொருத்திய ஒரு படகைக் கட்டினார். 1790இல் அதே முறையில் 'டிரையல்' என்ற கப்பல் வந்தது. 1798இல் தெம்ஸ் கரையின் டெப்ட்ஃபோர்டில் 60 டன் 'லேடி நெல்சன்' மூன்று நகரும் ஏராக்களுடன் நீரில் இறங்கி, 1800 டிசம்பரில் சிட்னியை அடைந்தது. ஆழம் தெரியாத கரைகளை அளக்கப் போகும் கப்பலுக்கு அந்த ஏற்பாடு மிகப் பொருத்தம். 1811இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஸ்வைன் சகோதரர்கள், அச்சில் சுழன்று இறங்கும் நடுப்பலகைக்குக் காப்புரிமை பெற்றார்கள். இந்த வரிசையில் ஆண்டுகள் சரியாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஆவணம் எழுதி வைத்தவர்களை மட்டுமே அது எண்ணுகிறது. கரையில் உளியும் கயிறுமாக வேலை செய்தவர்கள் காப்புரிமை கேட்டு எங்கும் போகவில்லை.

ஓர் ஆழமான நிலை ஏரா என்ன செய்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் ஒதுங்குவதைத் தடுக்கிறது. தன் எடையால் படகைச் சாயவிடாமல் நிமிர்த்துகிறது. இரண்டு வேலையையும் ஒரே உறுப்பில் ஏற்றியதற்கு விலை, படகு கரையேற முடியாமல் போவது. பாக் விரிகுடாவின் வத்தை இந்த வேலைகளை முதலிலிருந்தே தனித்தனியாக வைத்திருந்தது. அடி ஏறக்குறையத் தட்டை. எனவே சேற்றில் நிமிர்ந்து உட்காரும். ஒதுங்காமல் இருக்கக் காற்று மறைவுப் பக்கத்தில் ஒரு பலகையை நீரில் இறக்குவார்கள். ஆழம் குறைந்தால் தூக்கிக்கொள்வார்கள். நிமிர்த்துவதற்கு, குறுக்கே கிடக்கும் நீண்ட பலகை ஒன்று காற்று வரும் பக்கம் வெளியே நீளும்; காற்று வலுக்க வலுக்க ஆட்கள் அதன்மேல் நகர்ந்து போய் உட்காருவார்கள். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி 1920இல் வெளியிட்ட ஆய்வில் இந்தச் சமன்பலகையைக் கவனித்து எழுதினார். சீன் மெக்கிரெய்ல் குழுவினரின் 2003ஆம் ஆண்டு நூல், வத்தையில் வங்குகளை (விலா எலும்பு போன்ற சட்டங்களை) முதலில் நிறுத்தி அதன்பின் பலகை அடிக்கும் முறையை விரிவாகப் பதிவு செய்தது. சோழமண்டலக் கரையின் கட்டுமரத்திலும் நீருக்குள் செருகும் பலகை உண்டு. வெறும் மரங்களைப் பிணைத்த, ஏராவே இல்லாத ஒன்று காற்றுக்குக் குறுக்கே ஓடியதற்கு அந்தப் பலகைதான் காரணம்.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும்: ஷாங்க் தமிழ்க் கரையிடமிருந்து கற்றார் என்பதற்குச் சான்று உண்டா? இல்லை, அப்படி நான் சொல்லவும் வரவில்லை. எக்வடோர்க் கரையின் பால்சா மிதவைகளிலும் மரங்களுக்கிடையே செருகி எடுக்கும் பலகைகள் இருந்ததை ஸ்பானியர்களான ஹுவானும் உல்லோவாவும் 1748இல் விவரித்தார்கள். ஆழம் குறைந்த கடலும் நம்பகமான காற்றும் உள்ள இடங்களில் ஒரே விடை மீண்டும் மீண்டும் பிறக்கிறது. யார் முதலில் என்று கேட்பதைவிட எந்தக் கரை எந்த வடிவைக் கேட்டது என்று கேட்பதே பயனுள்ள வரலாறு.

இன்னொரு எதிர்வாதம் கனமானது. வத்தை உள்கடல் மீன்பிடிப் படகு. பெருங்கடலைத் தாண்டும் படகை அதனோடு ஒப்பிடலாமா? சமன்பலகைக்கு விழித்திருக்கும் ஆட்கள் வேண்டும். கணவனும் மனைவியும் மட்டும் செல்லும் உலாப்படகில் இரவில் ஒருவர் தூங்குவார். அலை புரட்டினால் படகு தானே நிமிர வேண்டும். 1979 ஃபாஸ்ட்நெட் பாய்ப்படகுப் பந்தயத்தில் புயலில் 15 வீரர்கள் இறந்தபின், ஆழ்கடல் படகை மதிப்பிடுவதில் இந்தத் தகுதியே முன்னால் வந்தது. இந்த இடத்தில் வத்தை தோற்கிறது; அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தகுதியை எட்ட இன்றைய வடிவமைப்பாளர்கள் போன வழியைப் பாருங்கள். பிரான்ஸின் 'ஓவ்னி' போன்ற அலுமினியப் படகுகளில் நிமிர்த்தும் எடை, அடிவயிற்றுக்குள் நிலையாகக் கிடக்கிறது. நீரில் இறங்கும் பலகை எடை குறைந்தது, ஒதுங்கலைத் தடுப்பது மட்டுமே அதன் வேலை. கடலோடி ஜிம்மி கார்னலின் யோசனையில் பிறந்த 'கார்சியா எக்ஸ்ப்ளோரேஷன் 45' பலகையைத் தூக்கினால் ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழத்தில் மிதக்கும். இறக்கினால் மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தொடும். அடி தட்டை, சுக்கானும் ஆழம் குறைந்தது. ஓதம் வற்றினால் மணலில் அமரும். வேலைகளைப் பிரிப்பது என்ற கொள்கை வத்தையினுடையதேதான். பலகைமேல் உட்கார்ந்த ஆட்களின் இடத்தில் உள்ளே கிடக்கும் எடை வந்திருக்கிறது. பலகை ஏறி இறங்கும் பெட்டியில் சரளைக் கல் சிக்குவது, கீல் தேய்வது, தலைகீழானபின் நிமிரும் திறன் ஆழ ஏராவைவிடப் பொதுவாகக் குறைவது ஆகியவை இந்தப் பிரிவினையின் செலவு.

நம் கரையில் கதை வேறு திசையில் போனது. இயந்திரம் வந்ததும் பாய் இறங்கியது. பாயோடு பக்கப் பலகையின் தேவையும் போயிற்று. ஆனால் ஆழம் குறைந்த கரை அப்படியேதான் இருந்தது. இப்போது தரையில் தட்டியது சுழல்விசிறி. 1979இல் தொடங்கி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தில், ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வல்லுநர்கள் அலையடிக்கும் மணற்கரையில் ஏறக்கூடிய படகுகளை வடிவமைத்தபோது, இயந்திரத்தையும் தண்டையும் ஒரே பெட்டியில் அச்சில் பொருத்தி, கரை நெருங்கும்போது விசிறி மேலே எழும்படி செய்தார்கள். இன்று சோழமண்டலக் கரையில் ஃபைபர் படகுக்காரர் நீளத் தண்டு இயந்திரத்தின் வாலைக் கையாலேயே தூக்கிவிட்டு அலையோடு மணலில் ஏறுகிறார். பாட்டன் பலகையைத் தூக்கியதும் இதே ஆழத்தில்தான்.